வாசகர் கேள்வி – பதில்: குழல் மடியாத பிரெஞ்சுத் துப்பாக்கி

பழைய ஆயுதங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, நடுவில் மடியாமல் பின்பக்க அடைப்பு மட்டும் நகர்ந்து திறக்கும் பிரெஞ்சு இரட்டைக்குழல் துப்பாக்கியைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் துப்பாக்கி இருப்பதை ஊரறியச் சொல்வது நல்லதன்று என்பதால், எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊர்ப் பெயர்களை மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி (பாலக்கோடு): ஐயா, எங்கள் தாத்தா மாந்தோப்புக் காவலுக்கு வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி இப்போது பெரியப்பாவின் பெயரில் உரிமத்தோடு இருக்கிறது. மேலே உள்ள பிடியைத் தூக்கி இழுத்தால் பின்பகுதி மட்டும் பின்னால் நகர்கிறது. குழல் அசையாமல் அப்படியே நிற்கிறது. 1950 வாக்கில் புதுச்சேரியில் வாங்கியது என்று வீட்டில் சொல்வார்கள். குழலின் மேலிருந்த எழுத்துகள் தேய்ந்துவிட்டன. இது எந்தத் துப்பாக்கி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நீங்கள் விவரித்திருக்கும் அமைப்பு உலகத்தில் மிகச் சில தயாரிப்பாளர்களிடம் மட்டுமே இருந்தது. அவர்களில் முதன்மையானவர் பிரான்சின் சென்-எத்தியென் நகரத்தில் 1881-இல் தொழில் தொடங்கிய ரெஜிஸ் தார்ன். அந்த நகரம் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே அரசின் படைக்கல ஆலையைக் கொண்டிருந்தது. ரிப்பன் நெசவும் பிற்காலத்தில் மிதிவண்டித் தயாரிப்பும் அங்கே சேர்ந்தே வளர்ந்தன. எனவே சென்-எத்தியென் என்ற பெயரைக் குழலில் பார்த்த உடனேயே தார்ன் என்று முடிவு கட்டக் கூடாது. அதே ஊரில் 1885-இல் தொடங்கப்பட்ட மானுஃப்ரான்ஸ் நிறுவனத்தின் ‘இதெயால்’, ‘ரொபுஸ்ட்’ ஆகிய துப்பாக்கிகளும் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துக் குடும்பங்களின் வழியாக நம் பக்கம் வந்திருக்கக் கூடியவைதாம். ஆனால் அவை மற்ற இரட்டைக்குழல்களைப் போல நடுவில் மடிபவை.

பார்ப்பதற்கு முன் ஒரு நிபந்தனை. உரிமம் பெரியப்பாவின் பெயரில் இருப்பதால் துப்பாக்கியைக் கையாள வேண்டியவர் அவர்தாம். இரண்டு அறைகளிலும் தோட்டா இல்லை என்பதை அவர் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகே மற்றவற்றைத் தொடங்க வேண்டும்.

தார்ன் துப்பாக்கியை மூடிய நிலையில் மேலிருந்து பார்த்தால், குழல்கள் முடியும் இடத்துக்குப் பின்னால், கை பிடிக்கும் கழுத்துப் பகுதியின் மேல் ஒரு நெம்புகோல் படுத்திருக்கும். அதன் இருபுறமும் காதுகள்போல இரண்டு பிடிகள் துருத்திக்கொண்டிருக்கும். விரல் வழுக்காமல் இருப்பதற்காக அவற்றின் மேல் சிறு கட்டங்களாகக் கீறல் வேலை செய்திருப்பார்கள். அந்தக் காதுகளைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பற்றி மேலே தூக்கிப் பின்னுக்கு இழுத்தால், பூட்டு விடுபட்டு, சுடும் பொறி முழுவதையும் தன்னுள் வைத்திருக்கும் அடைப்பு ஒரே துண்டாகப் பின்னால் நகர்ந்து அறைகளின் வாயைத் திறக்கும். அடைப்பின் முகத்தில் பொருத்தப்பட்ட கொக்கிகள் தோட்டாவின் விளிம்பைப் பற்றிக்கொண்டு வருவதால், ஈரத்தில் ஊதிப்போன காகிதத் தோட்டாவைக்கூட இந்த அமைப்பு வெளியே இழுத்துவிடும். நல்ல தரத் துப்பாக்கிகளில் அடைப்பின் முகத்தில் தோட்டாவின் அடிப்பகுதிக்கு நேராக இரண்டு வட்டத் தகடுகள் பதிந்திருக்கும். வாயு பின்னால் கசியாமல் தடுப்பது அவற்றின் வேலை. இந்த வட்டங்களைக் கண்டால் உங்கள் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ரெஜிஸ் தார்னின் மூத்த மகன் ஃபிரான்சிஸ்க் தார்ன் தந்தையின் நிறுவனத்தை விட்டுத் தனியாகத் துப்பாக்கிகள் செய்தார். அவற்றில் தம்மை மூத்த மகன் என்றே குறித்துக்கொண்டார். ஷார்லன் என்ற பெயரிலும் அதே ஊரில் நகரும் அடைப்புத் துப்பாக்கிகள் வந்தன. இவையெல்லாம் ஒரே குடும்பத்துச் சாயல் கொண்டவை. மாறாக, பெல்ஜியத்தின் லியேழ் நகரத்துப் பழைய பாஸ்தன் வகையில் அடைப்பு அசையாது. குழல்கள்தாம் முன்னால் நகரும். உங்களுடையதில் பின்பகுதி நகர்கிறது என்று தெளிவாக எழுதியிருப்பதால் அதை ஒதுக்கிவிடலாம்.

மேலே உள்ள எழுத்துகள் தேய்ந்ததைப் பற்றிக் கவலை வேண்டாம். கைபட்டுக் கைபட்டுத் தேய்வது மேற்புறம். உண்மையைச் சொல்லும் முத்திரைகள் அடிப்புறத்தில், முன்கட்டைக்குள் மறைந்திருக்கின்றன. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் குழல்களைக் கழற்றச் சொல்லி, அடிப்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சென்-எத்தியென் சோதனைச் சாலையின் முத்திரையில் குறுக்காக வைத்த ஓலைகளும் அவற்றின் மேல் ஒரு கிரீடமும் இருக்கும். அதன் அருகே 18,4 என்றோ 16,8 என்றோ ஓர் எண் இருந்தால் அது வரிசை எண் அன்று; பிரெஞ்சுக்காரர்கள் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுவார்கள் என்பதால், குழலின் உள்விட்டம் 18.4 மி.மீ. அல்லது 16.8 மி.மீ. என்று பொருள். முன்னது 12 போர் என்ற குழல் அளவு, பின்னது 16 போர். குழலின் எடையைக் கிலோகிராமில் குத்தியிருப்பதும் உண்டு. நம் ஊரில் இரட்டைக்குழல் என்றாலே 12 போர் என்று எழுதிவிடுகிறார்கள்; பிரான்சிலோ 16 போர் வேட்டைக்காரர்களின் விருப்பமான அளவாக நெடுங்காலம் இருந்தது. உங்கள் பெரியப்பாவின் உரிமப் புத்தகத்தில் டி.பி.பி.எல். (பின்பக்கம் தோட்டா இடும் இரட்டைக்குழல்) 12 போர் என்று எழுதியிருந்து, குழலில் 16,8 என்று இருக்குமானால், அந்த முரண்பாட்டை அடுத்த புதுப்பித்தலுக்கு முன்பே ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்துத் திருத்திக்கொள்வது நல்லது.

புதுச்சேரிக் கதை நம்பத் தகுந்ததுதான். 1954 நவம்பர் வரை அங்கே பிரெஞ்சு நிர்வாகம் நடந்தது. ஆனால் துப்பாக்கியை மட்டும் பார்த்து அது புதுச்சேரி வழியாக வந்ததா, சென்னைக் கடை வழியாக வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. தாத்தாவின் முதல் உரிமப் புத்தகமோ வாங்கிய ரசீதோ பரணில் கிடைத்தால் அதுவே சான்று. துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிற அக்கறையோடு அந்தக் காகிதங்களையும் பாதுகாத்து வையுங்கள்.

கேள்வி (ஊத்தங்கரை): குழலின் பக்கவாட்டில் ஜேக்கப் ஹோல்ட்ஸர் என்று பொறித்திருக்கிறது. இவர்தான் தயாரிப்பாளரா? ஜெர்மன் துப்பாக்கி என்று ஒருவர் சொல்கிறார்.

பதில்: பெயர் ஜெர்மன் ஒலியில் இருந்தாலும், ஹோல்ட்ஸர் என்பது சென்-எத்தியென் நகரத்துக்கு அருகிலுள்ள உனியூ என்ற ஊரில் இருந்த எஃகு ஆலை. குழல் எந்த எஃகில் செய்யப்பட்டது என்பதை விளம்பரப்படுத்துவது அக்காலத்து வழக்கம். ஹோல்ட்ஸர் எஃகை அந்த நகரத்துத் துப்பாக்கிக்காரர்கள் பலரும் பயன்படுத்தினார்கள். அப்படியே ஜான் ப்ரேய் என்ற பெயர் குழலில் இருந்தால், அவர் குழல் செய்து பிறருக்குக் கொடுத்தவர். குழல்களுக்கு இடையே ஓடும் மேல்பட்டையில் இன்னொரு பெயரும் இருக்கலாம். அது துப்பாக்கியை விற்ற கடைக்காரருடையது. ஆக, ஒரே துப்பாக்கியில் எஃகு ஆலை, குழல் செய்தவர், துப்பாக்கி செய்தவர், விற்றவர் என்று நால்வரின் பெயர்கள் இருக்க இடமுண்டு. பெயரை முதலில் படித்து அமைப்பைப் பிறகு பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அடைப்பு எப்படித் திறக்கிறது என்பதை முதலிலும், அடிப்புற முத்திரைகளை அடுத்தும், பெயர்களைக் கடைசியிலும் பாருங்கள்.

கேள்வி (ஓசூர்): நான் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தார்ன் அடைப்பின் பொறியியல் என்னைக் கவர்ந்துவிட்டது. உரிமம் உண்டு. இரண்டு மூன்று வகைகளைச் சேகரிக்க விரும்புகிறேன். எதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் ஆசையின் அளவை முதலில் குறைத்துவிடுகிறோம். 2019-இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டத்தின்படி ஒரு தனிமனிதர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று வரை இருந்தது. பரம்பரை வழியில் வருவதும் இந்த இரண்டுக்குள் அடங்க வேண்டும். ஆகவே, நம் நாட்டில் தார்ன் சேகரிப்பவர் என்று சொல்லிக்கொள்ள நினைப்பவர், மேல்நாட்டுச் சேகரிப்பாளர் பத்துத் துப்பாக்கிகளில் தேடும் நிறைவை ஒன்றிலோ இரண்டிலோ தேடியாக வேண்டும். எங்களைக் கேட்டால், இது அப்படியொன்றும் இழப்பில்லை. ஒரே துப்பாக்கியை முழுமையாகப் படித்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு.

வகைகளைப் பொறுத்தவரை, தார்ன் நிறுவனத்தின் துப்பாக்கிகள் மூன்று அடுக்குகளாக இருந்தன என்று வைத்துக்கொள்ளலாம். ஹாலிஃபாக்ஸ் என்ற பெயரில் வந்தது எளிய, விலை குறைந்த வகை. அதற்கு மேலே ‘ஆர்’ வரிசை. ஆர்-10 தொடங்கி எண் ஏற ஏற வேலைப்பாடும் ஏறும். அதற்கும் மேலே ‘வி’ வரிசை; வி-19, வி-22 போன்றவை இதில் அடங்கும். பூட்டும் பொறியின் நுட்பத்தில் ‘ஆர்’ எளியது, ‘வி’ விரிவானது. சேகரிப்பாளர்கள் ‘வி’ வரிசையைத் தேடி ஓடுவது இயல்புதான். ஆனால் கிராமத்தில் ஐம்பது ஆண்டுகள் உழைத்த பிறகும் தளராமல் நிற்கும் ஒரு ‘ஆர்’ துப்பாக்கி, பெட்டிக்குள்ளேயே கிடந்து பொறிகள் பிசினால் ஒட்டிக்கொண்ட ‘வி’ துப்பாக்கியைவிட மேலானது என்பது எங்கள் கருத்து. செதுக்கு வேலையை மட்டும் வைத்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். செதுக்கலைப் பிற்காலத்தில் யார் வேண்டுமானாலும் சேர்த்திருக்கலாம். குழலுக்கும் அடைப்புக்கும் இடையிலுள்ள பொருத்தத்தை அப்படிச் சேர்க்க முடியாது.

அந்தப் பொருத்தம்தான் உங்களைப் போன்ற இயந்திரத் தொழிலாளிக்கு விருந்து. மடியும் துப்பாக்கியில் குழலும் உடலும் ஒரு கீல் ஆணியில் சேர்கின்றன. ஒவ்வொரு வெடிப்பிலும் அந்த ஆணி தேய்ந்து, நாளாவட்டத்தில் குழலுக்கும் உடலுக்கும் இடையே வெளிச்சம் தெரியத் தொடங்கும். தார்னில் அந்தக் கீலே இல்லை. குழல்கள் சட்டத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்க, அடைப்பு தடங்களில் நேராக முன்னே வந்து, நெம்புகோலைக் கீழே அழுத்தும்போது முழங்கால் மூட்டை நீட்டியதுபோல உள்ளிருக்கும் இணைப்பு நேராகி இறுகுகிறது. தேய்மானம் இங்கேயும் உண்டு. ஆனால் அது தடங்களிலும் இணைப்பு ஆணிகளிலும் பூட்டு விளிம்பிலும் இருக்கும். காலித் துப்பாக்கியை மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்து, குழல் முடியும் இடத்தில் ஒளிக் கீற்றுத் தெரிகிறதா என்று பாருங்கள். நெம்புகோலைக் கீழே அழுத்தும்போது கடைசிக் கால் அங்குலத்தில் ஓர் உறுதியான எதிர்ப்பு இருக்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் தொப்பென்று விழுந்தால் பூட்டு தளர்ந்திருக்கிறது. நெம்புகோலின் ஆணித் தலையில் திருப்புளி வழுக்கிய கீறல்கள் இருந்தால், இதற்கு முன் யாரோ அறியாத கை அதைத் திறந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். எடையும் ஒரு குறிப்புத் தரும்: இவை இலகுவான துப்பாக்கிகள். 12 போரே பொதுவாக மூன்று கிலோவுக்குள் அடங்கும். கட்டையின் அடிப்பகுதியில் சிறு பித்தான் இருந்து, அதற்குள்ளிருந்து தோல் வார் இழுத்தால் நீண்டு, விட்டால் உள்ளே சுருண்டுகொண்டால் வியப்படைய வேண்டாம். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும் பிரெஞ்சு வேட்டைக்காரனுக்காகச் செய்த ஏற்பாடு அது. மற்ற பிரெஞ்சுத் துப்பாக்கிகளிலும் இதைக் காணலாம்.

காலத்தைக் கணிக்க ஒரு நல்ல எல்லைக்கல் உண்டு. பழைய தார்ன் நிறுவனம் 1970-களின் இறுதியோடு ஓய்ந்தது. அங்கே மேற்பார்வையாளராக இருந்த பால் ப்ரூஷே 1980-களின் தொடக்கத்தில் அதே அமைப்பைத் தம் பெயரில் தொடர்ந்தார். ஆகவே ப்ரூஷே என்ற பெயர் பொறித்த துப்பாக்கியை 1950-இல் தாத்தா வாங்கியதாக யாராவது விற்க வந்தால், மரியாதையோடு வழியனுப்பிவிடுங்கள். படைத்துறை நூல்களில் தார்ன் இயந்திரத் துப்பாக்கி என்று பார்த்துக் குழம்பவும் வேண்டாம். முதல் உலகப் போரின் காலத்தில் இதே நிறுவனம் விமானங்களுக்கான இயந்திரத் துப்பாக்கியையும் செய்தது. அதற்கும் உங்கள் தேடலுக்கும் தொடர்பில்லை, சட்டமும் அதை அனுமதிக்காது.

இரண்டு என்ற வரம்புக்கு வெளியே சேகரிக்க நிறைய இருக்கிறது. மானுஃப்ரான்ஸ் ஆண்டுதோறும் அச்சிட்ட தடித்த விற்பனைப் பட்டியல்கள், தார்ன் விளக்கத் தாள்கள், பழைய படங்கள் ஆகியவற்றுக்கு உரிமம் தேவையில்லை. வகைகளை ஒப்பிட்டுப் படிக்க இவற்றைவிடச் சிறந்த துணையும் இல்லை. பிரான்சு செல்லும் வாய்ப்பு அமைந்தால் சென்-எத்தியென் கலை, தொழில் அருங்காட்சியகத்தைத் தவற விடாதீர்கள். துப்பாக்கி, ரிப்பன், மிதிவண்டி மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): அப்பாவுக்கு 74 வயது. அவரிடமுள்ள பிரெஞ்சுத் துப்பாக்கி நூறு ஆண்டுகளைத் தாண்டியது என்கிறார்கள். நூறு ஆண்டுகள் ஆகிவிட்டால் உரிமம் வேண்டாமாமே? அவருக்குப் பின் எனக்கு எப்படி வரும்?

பதில்: நூறு ஆண்டுகள் ஆனால் உரிமம் வேண்டாம் என்பது நம் பக்கத்தில் பரவலாக உலவும் பேச்சு. அதை நம்பி வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பழைய வகைத் துப்பாக்கிக்கும் தொன்மை மதிப்புடைய துப்பாக்கிக்கும் விலக்கு அளிப்பது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது துப்பாக்கியாகப் பயன்படவே முடியாது என்ற நிலையில் இருந்தால் மட்டுமே அந்த விலக்குப் பொருந்தும். உங்கள் அப்பாவின் துப்பாக்கியில் தோட்டா போட்டுச் சுட முடியும், கடைகளில் அந்தத் தோட்டா கிடைக்கவும் செய்கிறது. எனவே அதன் வயது இருநூறாக இருந்தாலும் உரிமம் வேண்டும். நூறு ஆண்டுகள் என்ற கணக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்திலிருந்து கலந்துவிட்டது. அச்சட்டத்தின்படி நூறு ஆண்டுகளைத் தாண்டிய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆகவே, வயது கூடியதால் உங்களுக்குக் கிடைத்தது சலுகை அன்று, கூடுதலாக ஒரு கட்டுப்பாடு.

அப்பாவின் காலத்திலேயே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. உரிமம் பெற்றவர் 70 வயதை அடைந்துவிட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தம் சட்டப்படியான வாரிசுக்கு அதை அளிக்க 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இடம் தருகின்றன. உங்கள் அப்பா வயதாலேயே தகுதி பெற்றுவிட்டார். நீங்கள் உங்கள் பெயரில் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். உடன்பிறந்தவர்களிடமிருந்து மறுப்பில்லை என்ற கடிதத்தை இப்போதே, எல்லோரும் சுமுகமாக இருக்கும்போதே, வாங்கி வைத்துவிடுங்கள். காவல்துறை விசாரணை நடக்கும். கிடைப்பது உறுதி என்று யாரும் சொல்ல முடியாது. உரிமம் வந்தால் அது ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். அப்பாவின் பழைய புத்தகத்துக்குத் தேசிய ஆயுத உரிமத் தரவுத் தளத்தின் தனி எண் வழங்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத பழைய புத்தகங்கள் இன்று செல்லத்தக்கவை அல்ல.

இடையில் அப்பாவுக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், காரியங்கள் முடியட்டும் என்று துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்காதீர்கள். தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று என்று மட்டும் எழுதுவதை ஏற்காதீர்கள்; தயாரிப்பாளர், போர் அளவு, வரிசை எண், குழலின் நீளம், கட்டையிலுள்ள கீறல்கள் ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். தேர்தல் வரும்போது ஒப்படைப்பதற்கும் இதே கவனம் வேண்டும்.

கேள்வி (காவேரிப்பட்டினம்): குழலின் அடியில் 65 என்றும், பி.டி. (PT) என்ற எழுத்துகளும் உள்ளன. கடைக்காரர் 70 மி.மீ. தோட்டாவைத் தருகிறார். அறைக்குள் சரியாகப் போகிறது. போடலாமா?

பதில்: போடக் கூடாது. போவது வேறு, பொருந்துவது வேறு. 65 என்பது அறையின் நீளம், மில்லிமீட்டரில். தோட்டாப் பெட்டியில் எழுதியிருக்கும் 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகு அதன் நீளம். மடித்து மூடிய வாயோடு இருக்கும்போது அது குட்டையாக இருப்பதால் 65 அறைக்குள் தடையின்றி நுழைந்துவிடும். சுட்டவுடன் வாய் விரிகிறபோது, அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் அந்த விரிந்த விளிம்பு போய் அடைத்துக்கொள்ள, சன்னங்கள் இன்னும் குறுகிய வழியில் பிதுங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. ஒருமுறை சுட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதால் அது பாதுகாப்பு ஆகிவிடாது.

பி.டி. என்ற முத்திரை நல்ல செய்திதான். பிரெஞ்சு அரசின் ‘டி’ வகைப் புகையில்லா மருந்தைக் கொண்டு அந்தக் குழல் சோதிக்கப்பட்டது என்று அதற்குப் பொருள். இருந்தாலும், அந்தச் சோதனை நடந்த நாளில் குழல் புதியது. அதற்குப் பிறகு துரு எவ்வளவு தின்றது என்பது முத்திரைக்குத் தெரியாது. குழலின் மேல் பாம்புத் தோலைப்போல வரிவரியான கோலம் தெரிந்தால் அது இரும்பு, எஃகுக் கீற்றுகளை முறுக்கி இணைத்துச் செய்த பழைய டமாஸ்கஸ் குழல். அதைச் சுவரில் மாட்டி அழகு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், உரிமம் மட்டும் தொடர வேண்டும். அறையை 70-க்குக் கடைந்து தருகிறேன் என்று யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். குழல் மெலிவதோடு சேகரிப்பு மதிப்பும் போய்விடும்.

கேள்வி (பென்னாகரம்): நிலக்கடலைக் காட்டில் பன்றித் தொல்லை தாங்கவில்லை. உரிமம் உள்ள துப்பாக்கியால் சுட்டால் குற்றமா?

பதில்: குற்றம்தான். துப்பாக்கி உரிமம் ஆயுதத்தை வைத்திருப்பதற்கு மட்டுமே. விலங்கைக் கொல்வதற்கு அது அனுமதி ஆகாது, பயிர்க் காவலுக்கென்று வாங்கிய உரிமமாக இருந்தாலும் சரி. காட்டுப் பன்றியைச் சுடுவது பற்றி அரசு வகுத்திருக்கும் நடைமுறையிலும் அந்த வேலை வனத்துறையைச் சேர்ந்தது, உழவரைச் சேர்ந்ததன்று. சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வனச்சரகரிடம் எழுதிக் கொடுங்கள். காவிரிக் கரைக் காடுகள் சரணாலயமாகிவிட்ட பிறகு உங்கள் பக்கத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டாலே ஆட்கள் வந்துவிடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி (அரூர்): தார்ன் என்று தெளிவாகப் பொறித்த துப்பாக்கி. மாமனார் இருந்தவரை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வந்தார்; இப்போது உரிமம் என் கணவரின் பெயரில். நெம்புகோல் தூக்க வரவில்லை. சுத்தியலால் லேசாகத் தட்டலாமா? எப்படிப் பராமரிப்பது?

பதில்: அம்மா, தட்ட வேண்டாம். அடைப்பு திறக்காத நிலையில் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. தட்டுகிற அதிர்ச்சி சுடும் ஊசிக்குப் போய்ச் சேர இடமுண்டு. குழல் வாய் ஆளில்லாத பக்கம் பார்க்கும்படி வைத்து, விசையைத் தொடாமல், உங்கள் கணவர் அதை அப்படியே உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லட்டும். திறக்கவில்லை, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை என்பதை வாசலிலேயே சொல்லிவிடட்டும்.

காரணம் அநேகமாகத் தேங்காய் எண்ணெய்தான். வெயில் காலத்தில் நீராக ஓடும் அது, ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றுப்பட்டுப் பிசினாக மாறுகிறது. மடியும் துப்பாக்கியில் அந்தப் பிசின் கீலோடு நிற்கும். நகரும் அடைப்பிலோ, இரண்டு தடங்களின் முழு நீளத்துக்கும் பரவி, அவற்றின் மூலைகளில் தூசியோடு சேர்ந்து பழுப்பு நிறக் களிம்பாக இறுகிவிடும். பழுதுபார்ப்பவர் அடைப்பை வெளியே எடுத்தால், அந்தக் களிம்பை உங்கள் கணவர் தம் கண்ணாலேயே பார்க்கலாம். அதைக் கரைத்து எடுக்க மெல்லிய கரைப்பானும் பொறுமையும் போதும். உப்புத்தாளோ செங்கல் பொடியோ அந்தத் தடங்களைத் தொடக் கூடாது. தடங்கள் ஒரு மயிரளவு தேய்ந்தாலும் அடைப்பு ஆடத் தொடங்கும். வெளிப்புறத்தில் உள்ள பழுப்புப் பூச்சைப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பூச்சு துருவைத் தடுப்பதற்காகவே போடப்பட்டது. பழையது பழையதாகத் தெரிவதில்தான் அதன் மதிப்பும் இருக்கிறது.

சுத்தமான பிறகு, துப்பாக்கிக்கென்று விற்கும் கனிம எண்ணெயைத் துணியில் நனைத்துப் பிழிந்து ஒரு படலம் மட்டும் தடவினால் போதும். குழல் வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். வாய் மேலே இருந்தால் உபரி எண்ணெய் இறங்கிக் கட்டையின் கழுத்தில் ஊறி, மரம் கறுத்து மென்மையாகி, பொருத்துமிடம் விரிசல் விடும். பழைய தோல் உறையை அழகுக்காக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் துப்பாக்கியை அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்புக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பூட்டும் இரும்புப் பெட்டியில், காற்றோட்டமான அறையில், சுவரை ஒட்டாமல் இருக்கட்டும்.

பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்கும்போது வரிசை எண்ணோடு ரசீதும், திரும்பப் பெறும்போது என்னென்ன துண்டுகள் கழற்றப்பட்டு மாட்டப்பட்டன என்ற குறிப்பும் கேட்டு வாங்குங்கள். தார்ன் துப்பாக்கிக்கு மாற்று உதிரிகள் இங்கே கடையில் கிடைப்பதில்லை. ஒரு திருகு காணாமல் போனாலும் அதைக் கையால் செய்துதான் போட வேண்டும்.